முன்சீட்டு ஈரம்

சாரல் தொடங்கியதுமே அனுசியாவின் காருக்குள் கண்ணாடி வேர்க்க ஆரம்பித்துவிட்டது. மேலகரத்து வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைக் காலையில் திறந்தால் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். துடைத்துவிட்டுக் கிளம்பினாலும் தென்காசிக்குள் நுழைவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். எதிரே பஸ் வருவது அதன் விளக்கை வைத்துத்தான் தெரியும்.

"சீசன்ல குத்தாலத்துப் பக்கம் எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளும் நம்பி, கண்ணாடி தெளியட்டும் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் துணியோடு ஓட்டப் பழகிக்கொண்டாள்.

ஓட்டாமல் இருக்க முடியாது. கணவன் புவனேஷ் ராணுவத்தில் இருந்தான். அம்மா போன பிறகு அப்பா முத்துராமலிங்கம் அவளோடுதான் இருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து, சிறுநீர் ட்யூபை எடுத்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போகவேண்டியிருந்தது. பின்சீட்டில் முழங்கால் மடங்காது என்பதால் முன்னால் அவள் பக்கத்தில்தான் உட்காருவார்.

கொஞ்ச நாளாக அப்பாவின் போக்கே மாறியிருந்தது. தூறலிலும் ஜன்னலை இறக்கிவிடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது துண்டை வேட்டிக்கு மேல் தழையப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வேட்டியை அவரே அலசிப் போட்டார். கடைசியில், இனிமேல் ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னார்.

"நான் ஓட்டுதது பயமா இருக்காப்பா?"

"அதெல்லாம் இல்ல."

வாசுதேவநல்லூரில் அவருடைய அக்கா பேச்சித்தாயின் பேத்திக்குக் கல்யாணம். அதற்கும் வரவில்லை என்றதும் அனுசியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தை வழி பாத்துக்கிட்டு இருப்பாவ. நீங்க போகாம எப்படி?"

"என்னை விட்ரு. நீ மட்டும் போயிட்டு வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மனக்கசப்போடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் காரும் அதே சாரலில்தான் ராத்திரி முழுக்க நின்றது. அதன் கண்ணாடி உள்ளே தெளிவாக இருந்தது. அப்படியானால் குற்றம் சாரலில் இல்லை. தன் வண்டிக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது.

ஒவ்வொரு கால்மிதியாகத் தூக்கிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தது. முன்னால் இடப்பக்கத்துக் கால்மிதியைத் தூக்கி அழுத்தியபோது கார்ப்பெட் கையை நனைத்துவிட்டது. பூஞ்சை வாடை குப்பென்று வந்தது. மெக்கானிக் பெலிக்ஸுக்குப் போன் செய்தாள்.

"இனிச்ச வாடை அடிக்காக்கா? பிசுபிசுன்னு இருக்கா? அப்படின்னா இன்ஜின் சூட்டத் தணிக்குத கூலண்ட்."

"இல்லண்ணே, வெறும் தண்ணிதான்."

"அப்ப ஏசியப் போட்டு, வண்டிக்கு அடியில சொட்டுதான்னு பாருங்க."

ஏசியை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு சொட்டு இல்லை. வெளியே போகவேண்டிய தண்ணீர் எங்கே போகிறது? இடப்பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். சற்று நேரத்தில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் அவள் பாதத்தில் விழுந்தது. அப்புறம் விடாமல் விழுந்தது. சுடிதாரின் கீழ்ப்பக்கம் நனைந்து கணுக்காலில் ஒட்டியது.

அப்பா உட்காருகிற இடம்.

"அப்பா, இங்கன கொஞ்சம் வாங்களேன்!"

அவர் வந்து எட்ட நின்றார்.

"இங்க பாருங்க, ஏசித் தண்ணி. வெளிய போற குழாய் அடைச்சுக்கிட்டு உள்ள ஊத்துது. உங்க வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்குமே, ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவர் மெதுவாகக் குனிந்து, விழுகிற நீரை உள்ளங்கையில் ஏந்தினார். முகர்ந்து பார்த்தார்.

"தண்ணியா?"

"தண்ணிதாம்ப்பா."

"அந்த வாடை?"

"கார்ப்பெட் மக்கின வாடை."

"நான்..." என்றவர் நிறுத்தினார். "நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன் அனு. டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கட்டுப்பாடு இருக்காதுன்னு சொல்லியிருந்தாரு. வண்டியில வரும்போது காலெல்லாம் ஈரமாவும். எனக்கே தெரியாம போவுதேன்னு..."

அனுசியாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது: அந்தத் துண்டு, அந்த ஜன்னல், அந்த ஆட்டோ. அவர் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கார்க் கதவைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கியது.

மத்தியானம் பெலிக்ஸ் வந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தார். குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி ஊதியதும் தேங்கியிருந்த தண்ணீர் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டையும் அதன் அடி ஸ்பாஞ்சையும் உருவிப் போட்டார்.

"இது காயாம கண்ணாடி வேர்க்குதது நிக்காது" என்றார். "அப்புறம் உள்காத்தே சுத்துத மாதிரி அந்தப் பொத்தானை எப்பவும் போட்டு வச்சிராதீங்கக்கா. வெளிக்காத்து வந்தாத்தான் ஈரம் போவும்."

மேலகரத்தில் வெயில் ஏது? கூடத்தில் ஃபேன் காற்றில் ஸ்பாஞ்சை விரித்தார்கள். அதைக் காயவைக்கும் பொறுப்பை முத்துராமலிங்கமே எடுத்துக்கொண்டார். புரட்டிப் போடுவதும் பிழிந்து பார்ப்பதுமாக, ஸ்டேஷன் டியூட்டி மாதிரி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தன்று காலை கண்ணாடி லேசாக மங்கியது. ஏசியைப் போட்டதும் தெளிந்துவிட்டது. பட்டுக்கரை வேட்டியில் அப்பா முன்சீட்டில் ஏறினார். கடையநல்லூரை நெருங்கும்போது சாலையோரம் கையைக் காட்டினார்.

"ஏட்டி, பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டு. ஒண்ணுக்குப் போவணும். இப்ப என்னால ரொம்ப நேரம் அடக்க முடியாது பாத்துக்கோ."

"சரிப்பா" என்று அவள் இண்டிகேட்டரைப் போட்டாள்.