வரிசையில் இரண்டாவது ஆள்

மாதா திருவிழாவின் கடைசி மாலை. அரங்கத்து மணலில் எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதல் ஆள் வெறுங்கையோடு, பாய்ந்து வரும் காளையின் கொம்புகளுக்கு நடுவே விழுந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கணமே இரண்டாவது ஆள் ஓடி வந்து அவனைப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். அவன் பிந்தினால் முதல் ஆள் கதை முடிந்தது.

முதல் ஆள் பெல்மீரு. இரண்டாவது, அவன் மனைவியின் அண்ணன் எவரிஸ்டு.

காலையில் தேவாலய வாசலில் தங்கை லியோனில்தாவின் கழுத்துத் துணி விலகியதை எவரிஸ்டு பார்த்துவிட்டான். கன்றிப்போன விரல் தடம்.

"மாடிப்படியில விழுந்துட்டேண்ணே" என்றாள்.

படிக்கட்டுக்கு ஏது ஐந்து விரல்?

காளையை யாருக்காவது காணிக்கையாக்கிவிட்டுப் பிடிப்பதுதான் வழக்கம். பெல்மீரு பச்சைத் தொப்பியைக் கழற்றி உயர்த்தினான்.

"இந்தக் காளை என் மச்சானுக்கு! அவன் பின்னால நிக்கிறப்ப எனக்கு என்னடா பயம்?"

ஊரே கைதட்டியது. தொப்பியை மாட்டிக்கொண்டு, "மச்சான், வந்துருவல்ல?" என்றான்.

"மாட்டைப் பாருடா" என்றான் எவரிஸ்டு.

பெல்மீரு இடுப்பில் கைவைத்துக் காளையை அதட்டிக் கூப்பிட்டான். கயவன்தான், ஆனால் கோழை இல்லை. வந்த காளையைச் சரியாகவே பிடித்தான். எவரிஸ்டு மட்டும் ஓடவில்லை. கால் எழவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். பொய். எழாமல் பிடித்து வைத்திருந்தான். கண்மூடித் திறப்பதற்குள் காளை பெல்மீருவை மரத் தடுப்பில் கொண்டுபோய் மோதியது. அப்புறம் கொம்பில் பாய்ந்து தொங்கி அவனை மீட்டதும் எவரிஸ்டுதான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. கேட்கவே கூசியது.

பெல்மீரு சாகவில்லை. கை கால் இனி அசையாது, பேச்சுக்கு மட்டும் குறைவிருக்காது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே உன் மேல கை வைக்க மாட்டான்" என்றான் எவரிஸ்டு மெதுவாக.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். புரிந்துவிட்டது.

"முன்னெல்லாம் சாயங்காலமானா குடிக்கப் போயிருவாருண்ணே. அந்த நேரம் கொஞ்சம் மூச்சு விடுவேன். இனி அவரு எங்க போவாரு?"

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.