பச்சைப் பெயின்ட் அடிச்ச கிடாரு

கோவத்தைப் பத்தி எங்கிட்ட ஆரும் பேசப்படாதுங்க. சித்திரை மாசத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறவனுக்குக் கோவம் வரலீன்னா, அவனுக்கு உள்ள எங்கியோ கம்பி அந்துபோச்சுன்னு அர்த்தம். கணபதியில, சத்தி ரோட்டு மேல, இருபது வருசமா எனக்கு இந்தச் சோலிதான். போர்ல தண்ணி எறங்க எறங்க மோட்டாரு புகையும். அன்னூர்க்காரரு அதை டெம்போவுல போட்டுட்டு வந்து, கீழ எறக்கறதுக்கு மின்னாலயே "எப்பங்க ஆவும்?"பாரு. நாளான்னிக்குன்னு சொன்னா, அதுக்குள்ள வாழை காஞ்சுபோயிருமுங்கறாரு. அந்த வாழையை நானா நட்டேன்?

தொண்ணூத்தஞ்சுல அப்படியொரு சித்திரையிலதான் யூனுஸு உள்ள வந்தாரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். உக்கடத்துக்காரரு, கலியாணக் கச்சேரிகள்ல கிடாரு வாசிக்கறவரு. கோணிச்சாக்குல சுத்தி ஒண்ணைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. பிரிச்சுப் பாத்தா கரண்டு கிடாரு. கதவுக்கு அடிச்ச மிச்சத்தை ஆரோ அது மேல ஊத்துனாப்பல, பூராவும் கறுப்புப் பெயின்ட்.

"அண்ணா, இதுல சத்தம் வரலீங்க. உள்ள காயில் போயிருச்சுங்கறாங்க. பாட்டுச் சாமான் கடைக்காரங்க கையை விரிச்சுட்டாங்க. நீங்க காயில் கட்டறவருதானுங்களே."

"தம்பி, நான் கட்டறது தண்ணி எறைக்கற மோட்டாருக்கு. இது எத்தனை ஹெச்பி?"

அவரு சிரிக்கல. சிரிக்கற நெலமையில மனுசன் இல்லைன்னு சித்த நேரங் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

என்ற ஊட்டுக்காரி குழந்தையம்மாள் கிடாரை வாங்கித் தகட்டைக் கழட்டுனா. கடையில நெசமான காயில்காரி அவதானுங்க. எனக்கு வாய், அவளுக்குக் கை. உள்ள பாதி சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு காயில். நடுவுல ஆறு காந்தக் குச்சி, அதைச் சுத்தி தலைமயிரை விட மெல்லிசான கம்பி. டெஸ்ட் வெச்சுப் பாத்தா கம்பி உள்ளுக்குள்ளயே அந்திருந்துச்சு.

நேம்பிளேட் பேந்துபோன மோட்டாரு எங்களுக்கு நெறைய வரும். கம்பி எறங்கற காடியை எண்ணி, கம்பியோட கேஜைப் பாத்து, இது இன்ன கம்பெனி, இத்தனை ஹெச்பின்னு சொல்லிப்போடுவோம். அந்தத் திமிர்ல கிடாரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கழுத்து சேர்ற எடத்துல நாலு போல்ட்டு, நம்பர் அடிச்ச தகட்டைக் காணோம், தலையில பேரைச் சொரண்டிப்போட்டிருந்தாங்க.

"ஜப்பான் சாமானுங்க," யூனுஸே சொன்னாரு. "அறுபத்தாறு, அறுபத்தேழு வாக்குல வந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியும். இது என்ற கிடாருதானான்னு தெரியோணும். அவ்வளவுதானுங்க."

அப்பறம் அவரு சொன்னது பூராவும் குழந்தையம்மாளைப் பாத்துத்தான். அவருக்கு ஒரே பொண்ணு இருந்துச்சு. பேரு சபூரா. பத்து மாசத்துல நாலு பல்லு மொளைச்சுது, மேல ரெண்டு, கீழ ரெண்டு. அவரு பாயில ஒக்காந்து வாசிச்சா அது தவழ்ந்து வந்து கிடாரோட கழுத்துப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற கொம்பு ஓரத்தைக் கடிச்சுக்கும். பாட்டு முடியறவரைக்கும் வாயை எடுக்காது. பல்லுல அந்த அதிர்வு அதுக்குப் புடிச்சிருந்துச்சு போல. கடிச்சுக் கடிச்சு மரத்துல நாலு பல்லும் பதிஞ்சுபோச்சு. ஒண்ணரை வயசுல மூளைக்காய்ச்சல்ல புள்ளை போயிருச்சு. அந்த மாசமே கிடாரைப் பாக்க முடியாம, வெள்ளகோயில்காரரு ஒருத்தருக்குத் தள்ளி உட்டுட்டாரு.

"போட்டோவாவது இருக்குதுங்களா?" குழந்தையம்மாள் கேட்டா.

"இல்லீங்கக்கா. ரெண்டு வயசு ஆவட்டும், ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம்."

வித்த அடுத்த வருசமே கிடாரைத் தேடிப் போயிருக்காரு. அதுக்குள்ள அது கை மாறிப்போச்சு. எட்டு வருசமாத் தேடறாரு. இது உக்கடத்துல கரீம் பாய் வெச்சிருக்கற பழைய சாமான் கடையில, வெள்ளகோயில் பக்கம் பிரிச்ச டென்ட் கொட்டாய்ச் சாமானோட வந்து கெடந்திருக்குது.

"அப்பறம் என்னங்க தம்பி, கறுப்பைச் சொரண்டிப் பாத்துப்போடறதுதானே?" நாந்தான் கேட்டேன். எனக்கு எப்பவும் அவசரம்.

"இதுக்கு மின்னால இதே மாதிரி ரெண்டு கிடாரைச் சொரண்டிட்டேனுங்கண்ணா. மூணாவதுக்குப் பயமா இருக்குது. மொதல்ல சத்தம் வரட்டும், கொஞ்சம் தைரியம் வரும். வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சுட்டு வாரேன். நானே சொரண்டிப் பாத்துக்கறேன். அதுவரைக்கும் பெயின்ட்டை மட்டும் ஆரும் தொட்டுப்போடாதீங்க."

"கடையை நம்பி வெச்சுட்டுப் போங்க தம்பி," நான் சொன்னேன். இந்தச் சொல்லை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்க கடையில ஒரு வழக்கம். வந்த சாமானுக்கு ஒரு அட்டை எழுதிக் கட்டோணும். பேரு, சாமான், வேலை. இன்னொரு வழக்கம், பெயின்ட் அடிக்காம ஒரு மோட்டாரும் கடை வாசப்படியைத் தாண்டப்படாது. காயிலைக் கட்டி உள்ள வெச்சு மூடிப்போடறோம், அதை ஆரு பாக்கறா? வெளிய பளபளன்னு பச்சை தெரிஞ்சாத்தான் வேலை நடந்ததா கவுண்டருமாரு நம்புவாங்க. துருவைச் சொரண்டி, சீமெண்ணெயில தொடச்சு, பள்ளம் மேட்டுக்கெல்லாம் பட்டி வெச்சு, எங்க கடைப் பச்சையை அடிச்சு, அது மேல தகடு வெச்சு வெள்ளையில எழுத்தும் போட்டுடுவோம். அதுக்குன்னே பங்காரு இருக்கான். பன்னெண்டு வருசமா எங்கிட்ட இருக்கான், சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். யூனுஸு வந்த அன்னிக்கு அவன் பவானிக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தான்.

கிடாரு காயிலுக்கு நாப்பத்திரண்டு கேஜ் கம்பி வேணும். எங்க கடையில அவ்வளவு மெல்லிசு ஏது? கரீம் பாய்கிட்டயே பழைய ரிலே நாலு வாங்கியாந்து, அதுக்குள்ள சுத்தியிருந்த மெல்லிசுக் கம்பியைப் பிரிச்சோம். ஏழாயிரத்துச் சில்லறை சுத்து. ரெண்டு தடவை அந்துபோச்சு. ரெண்டு நாளு குழந்தையம்மாள் மேசையை உட்டு எந்திரிக்கல. புதன்கெழம பொழுதோட முடிச்சு, ஊட்டு ரேடியோவுல சொருகிக் கம்பியைத் தட்டுனா. கும்முன்னு சத்தம் வந்துச்சு. அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டா. கம்பியைப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிங்கறா. நான் நம்புன மாதிரி இருந்துக்கிட்டேன்.

வியாழக்கெழம அவ கண்ணு வலியில ஊட்டுலயே படுத்துட்டா. நான் அன்னூருக்கு மோட்டாரு எறக்கப் போயிட்டேன். எறக்குன மோட்டாரு ஓடல, மறுக்கா ஏத்தி எறக்கி, அங்கயே தங்கிப்போட்டு வெள்ளிக்கெழம காலையில கடைக்கு வந்தேன். குழந்தையம்மாள் எனக்கு மின்னால வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. உள்ள போகல. எதையோ பாத்துக்கிட்டு நின்னா.

முடிஞ்ச மோட்டாருங்களுக்கு மேல, ஆணியில, கிடாரு தொங்குச்சு. எங்க கடைப் பச்சை. பளபளன்னு இருந்துச்சு. வயித்துப்பக்கம் வெள்ளை எழுத்து, அண்ணமார் வைண்டிங் ஒர்க்ஸ், கணபதி. அதுக்குக் கீழ, தண்ணியில்லாமல் ஓட்டாதீர்கள்.

பங்காரு சந்தோசமா வந்தான். "மொதலாளி, மரத்துல அடிக்கறது இதான் மொதத் தடவை. கறுப்பைச் சொரண்டுனதுக்கப்பறம் மரம் சீமெண்ணெயை எச்சாக் குடிச்சுது. கொம்பு ஓரத்துல எலி கடிச்சு வெச்சிருந்துச்சுங்க, மேல ரெண்டு, கீழ ரெண்டு. கெட்டியாப் பட்டி வெச்சு அடைச்சுப்போட்டேன். இனி எங்கப்பனே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது."

நான் பேசுன பேச்சை இங்க சொல்ல முடியாதுங்க. பக்கத்து லேத் பட்டறையில மிசினை நிறுத்திப்போட்டுக் கேட்டாங்க. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டுட்டு, முடிஞ்சதுக்கப்பறம் கிடாரோட கழுத்துல கட்டியிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டுனான். என்ற கையெழுத்து. யூனுஸ். கிடார். வைண்டிங், பெயின்ட். வருசக்கணக்கா எழுதி எழுதி, கை அதுபாட்டுக்கு எழுதிப்போட்டுது.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. எலி எங்கியாவது ரெண்டு மேல, ரெண்டு கீழன்னு கணக்காக் கடிக்குமா? அது அவரு கிடாருதான். எட்டு வருசமாத் தேடுன நாலு பல்லையும் நான் அட்டை எழுதி அடைச்சுப்போட்டேன்.

தொழில்ல தப்புன்னு நான் ஒருக்காலும் ஒத்துக்கிட்டது இல்லீங்க. கட்டுன மோட்டாரு மறுக்கா புகைஞ்சா வோல்டேஜ் சரியில்லைம்பேன். இதுக்கும் வழி இருந்துச்சு. 'பெயின்ட்டை எடுத்துப் பாத்தோம் தம்பி, ஒரு மார்க்கும் இல்லை, இது உங்களுது இல்லை.' அவ்வளவுதான். மனுசன் போயிருவாரு, கடை பேரும் கெடாது. நான் நெனச்சது மூஞ்சியில தெரிஞ்சிருக்கோணும்.

"சொல்லித்தான் பாருங்களே," குழந்தையம்மாள் சொன்னா. "அப்பறம் இந்தக் கடையில காயில் ஆரு கட்டறாங்கன்னு நானும் பாக்கறேன்."

யூனுஸு ரெண்டு மணிக்கு வந்தாரு. சட்டைப் பையில புது பிளேடு ஒண்ணு வெச்சிருந்தாரு, சொரண்டறதுக்கு. பச்சைக் கிடாரைப் பாத்தாரு, எழுத்தைப் படிச்சாரு, என்னையப் பாத்தாரு.

"தம்பி, அது உங்க கிடாருதான்," நான் சொன்னேன். "மார்க் இருந்துச்சு. அடைச்சுப்போட்டோம். அட்டை எழுதுனது நான். தப்பு என்றது." சொல்லி முடிக்கறதுக்குள்ள வேர்த்துப்போச்சு.

அவரு சத்தம் போடுவாருன்னு எதிர்பாத்தேன். போட்டிருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். அவரு பங்காருகிட்டப் போயி, "நீங்க பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு.

"பாத்தேனுங்க."

"எப்படி இருந்துச்சு?"

பங்காரு பள்ளம் மேடு பாக்கறவன். அவனுக்குத் தெரிஞ்சதைச் சொன்னான். "மேல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சுங்க. சோத்தாங்கைப் பக்கத்து மட்டும் கொஞ்சம் திரும்புனாப்பல. கீழ ரெண்டும் ஆழமில்லை. ஒரு நெல்லு மொனை எறங்கும், அவ்வளவுதான்."

"திரும்பித்தான் இருக்கும்," யூனுஸு சொன்னாரு. "அது அவிய அம்மாவுக்கும் அப்படித்தான்." சொல்லிட்டு ஒரு பழைய மோட்டாரு மேல ஒக்காந்துக்கிட்டாரு.

குழந்தையம்மாள் கிடாரை எறக்கி மடியில வெச்சா. காடிக்குள்ள கம்பியை அமுத்தறதுக்கு எங்ககிட்ட மூங்கில் சிம்பு இருக்கும், வழவழன்னு சீவுனது. அதை எடுத்துக் கொம்பு ஓரத்துல மொல்ல உட்டா. இரும்புல சீமெண்ணெய் காஞ்சு பறந்துரும். மரம் அதைக் குடிச்சு வெச்சிருந்துச்சு. அது மேல வெச்ச பட்டி ஒட்டவே இல்லை. வேற நாளா இருந்தா அதுக்கும் பங்காருவைத் திட்டியிருப்பேன். அவ நெம்ப நெம்ப, பட்டி ஒடையாம ஒரே பத்தையா, தோலு உரியறாப்பல அவ கையில வந்துச்சு.

கிடாருல நாலு பள்ளம் தெரிஞ்சுது. யூனுஸு அதைத்தான் குனிஞ்சு பாத்தாரு, வெரலை வெச்சுத் தடவுனாரு. குழந்தையம்மாள் அதைப் பாக்கல. கையில இருந்த பத்தையைத் திருப்பிப்போட்டுப் பாத்தா. அப்பறம் உள்ளங்கையை அவரு மின்னால நீட்டுனா.

பத்தையோட அடிப்பக்கத்துல நாலு பல்லு இருந்துச்சு. பள்ளம் இல்லீங்க, பட்டியில வார்த்த பல்லு. பொடிசா, அரிசி நொய்யாட்டம், மேல ரெண்டு, கீழ ரெண்டு. சோத்தாங்கைப் பக்கத்து ஒண்ணு கொஞ்சம் திரும்பியிருந்துச்சு.

அதுக்கப்பறம் அவரு கிடாரைத் திரும்பிக்கூடப் பாக்கல. குழந்தையம்மாள் எறக்கி வெச்ச மேசை மேலயே அது கெடந்துது. பத்தையை உள்ளங்கையில ஏந்திக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. வாசல்ல அன்னூர்க்காரரு டெம்போவோட வந்து ஆரனை அடிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் எந்திரிக்கல. வாழை காஞ்சா காயட்டும்னு இருந்தேன்.

"அண்ணா, இது ஒடைஞ்சுபோகுமுங்களா?" யூனுஸு கேட்டாரு.

"வெறும் பட்டிதானுங்க தம்பி. பையில வெச்சா ரெண்டு நாள்ல மாவாயிரும்."

அவரு வார்னிஷ் தொட்டியைப் பாத்தாரு. காயில் கட்டுனா அதுல முக்கித்தான் எடுப்போம், கம்பி அசையாம இறுகிப்போகும். "அதுல முக்குனா நிக்குமுங்களா?"

"முக்கிப் பல்பு சூட்டுல வெச்சா உங்க ஆயுசுக்கும் நிக்கும்," நான் சொன்னேன். கோவம் இல்லாம என்ற வாயில பேச்சு வந்தது அன்னிக்குத்தான்.

அட்டை எழுதாம என்ற கடையில எதுவும் தொட்டிக்குப் போகாது. புது அட்டை எடுத்தேன். பேருங்கற எடத்துல யூனுஸுன்னு எழுதப் போயி, நிறுத்தி, சபூரான்னு எழுதினேன். சாமான், பல்லு, நாலு. வேலைங்கற எடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். இந்தத் தடவை கையை நம்பல. ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து எழுதி, அடியில ரெண்டு கோடும் போட்டேன். வார்னிஷ் மட்டும்.

பங்காரு அட்டையை வாங்கி ரெண்டு தடவை படிச்சான். அப்பறம் சோப்பை எடுத்துக்கிட்டுக் கையைக் கழுவப் போனான்.