புளி போட்டுத் தேய்த்த சைக்கிள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அப்பாவிடம் பெயின்ட் அடிக்காத ஒரு சைக்கிள் இருந்தது. திருச்சியில் எல்லாச் சைக்கிளும் கறுப்பாக ஓடிய காலத்தில் அது மட்டும் வெறும் இரும்பாக, மங்கிய வெள்ளி நிறத்தில் ஓடியது. அதன் முன்பாரில் உட்கார்ந்துதான் நான் காவிரிப் பாலத்தைப் பார்த்தேன். எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த அந்த வாசனைக்காக இன்னும் ஏங்குகிறேன்.

அப்பாவின் பெயர் சேஷு. பள்ளிக்கூட வாத்தியார். கதை நடக்கும்போது அவருக்கு வயது இருபத்தாறு. எழுதுகிற எனக்கு அதைப்போல இருமடங்குக்கும் மேல். அதனால் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

2

முதல் வரி: ‘யுத்த காலத்துக் காவிரியில் அன்று...’ வேண்டாம். காவிரியில் தொடங்குகிற ஸ்ரீரங்கத்துக் கதைகள் போதும்.

இன்னொன்று: ‘1943 தலைதீபாவளிக்கு மாமனார் கொடுத்த சைக்கிள் பழையது.’ இது பரவாயில்லை.

லால்குடி ஸ்ரீனிவாசராகவன் யுத்தக் கெடுபிடியில் புதுசுக்கு அலைந்து, கிடைக்காமல், கைமாறிய வண்டி ஒன்றை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. கீழச் சித்திரை வீதி வீட்டில் சேஷுவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஓடுமோன்னோ?” என்று மட்டும் கேட்டாள். புது மருமகள், அதாவது என் அம்மா குமுதவல்லிக்கு அந்த ஒரு கேள்வி போதும். அப்பா கொடுத்த பொருளுக்கு இந்த வீட்டில் மரியாதை வேண்டும் என்பதே அன்றிலிருந்து அவள் கவலை.

3

கடைவீதிச் சந்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹபீபுல்லா, பெயின்ட் எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று கையை விரித்துவிட்டார். ஆனால் வழி சொன்னார். பழைய பெயின்டைக் காஸ்டிக் சோடாவால் உரித்து, எமரித் தாளால் தேய்த்து, சட்டத்தை வெறும் இரும்பாக்கிக் கொடுத்தார். பெயின்டுக்குப் பதிலாகப் பூச ஆளிவிதை எண்ணெய் சனிக்கிழமை வரும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, வெயிலில் காயவிட்டு, மறுபடி தடவ வேண்டும். மூன்று பூச்சுக்குப் பிறகு தேன்மெழுகு.

“அதுவரைக்கும் ஈரக்கைகூடப் படக்கூடாதுங்க சாமி. வெறும் இரும்பு, பச்சப்புள்ள மாதிரி.”

(ஹபீபுல்லா இவ்வளவு பேசியிருப்பாரா என்று சந்தேகம். நான் பார்த்தவரை அவர் பேசியதெல்லாம் ஸ்பானரோடுதான்.)

மார்கழிக் கடைசியில் சேஷு சட்டத்தை முற்றத்தில் சாத்தினான். கேட்டு வந்த எச்சரிக்கையை மனைவியிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் நடமாடும் வீட்டில் பகலில் பெண்டாட்டியோடு பேசுகிற வழக்கம் இல்லை.*

*இரவில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் இரவில் சைக்கிளைப் பற்றியா பேசுவார்கள்?

4

பொங்கல் சீரோடு அப்பா வருகிறார் என்று லால்குடியிலிருந்து கார்டு வந்தது. அவர் வரும் நாள் மத்தியானம் குமுதவல்லி ஒரு உருண்டைப் புளியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் சட்டம் முழுக்கத் தேய்த்தாள். கிணற்று நீர் விட்டு அலம்பினாள். பளபளவென்று வந்தது. விரல்கள் எரிந்தாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பித்தளையை மினுக்குகிற புளி வெறும் இரும்பைச் சும்மா விடாது. பொழுது சாய்வதற்குள் சட்டம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் துரு.

ஸ்டேஷனிலிருந்து மாமனாரை அழைத்துக்கொண்டு சேஷு உள்ளே வந்தது அப்போதுதான். ஸ்ரீனிவாசராகவன் கரும்புக் கட்டைக் கீழே வைக்கவில்லை.

“நான் குடுத்த வண்டியா இது, மாப்பிள்ளே?”

உரித்துத் துருப்பிடிக்கப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. குமுதவல்லி கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள். அதற்குள் விரலிடுக்கில் இருந்த புளியைச் சேஷு பார்த்துவிட்டான். அவனுக்கு எல்லாம் விளங்கியது.

5

வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதில் சந்தேகமில்லை. ஹபீபுல்லா துருவை எடுத்துக் கொடுத்தார், எண்ணெயும் மெழுகும் ஏறின. யுத்தம் முடிந்து பெயின்ட் வந்த பிறகும் அப்பா அடிக்கவில்லை. மாதம் ஒரு தரம் மெழுகுத் துணியை அம்மா கையில்தான் கொடுப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

ஆனால் அன்று முற்றத்தில் அவன் என்ன சொன்னான்?

“உங்க பொண்ணைக் கேளுங்கோ” என்று உள்ளே போயிருக்கலாம்.

ஒன்றுமே சொல்லாமல், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு... [இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

அல்லது: “நான்தான் தெரியாம தண்ணி விட்டு அலம்பிட்டேன். க்ஷமிக்கணும்.”

மூன்றாவதைத்தான் எழுதினேன். அப்பா போய்ப் பதினோரு வருஷம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அன்னிக்கு அவர் அப்படிச் சொல்லலைடா” என்றாள்.

பின்னே என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். இன்னொரு தரம் படி.”

நாலு தரம் படித்தேன். அன்று என்னதான் நடந்தது என்று இனி நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை அம்மாவுக்குக் கொடுத்தாயிற்று.