கறுப்புக் கரை கட்டிய பெயர்கள்

மலாயாவின் லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலேயே என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. நான் போடும் ‘ழ’வைப் பார்க்கப் போர்டிக்சனிலிருந்து கூட்டம் வரும். சரி, ஓர் ஆள் வந்தார்; அவரும் வழி தவறி வந்தவர்.

1943. ஜப்பான்காரன் எங்கள் தோட்டத்தில் பதினொரு பேரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்தான். என் அப்பா சன்னாசியும் அதில் ஒருவர். அவர்களைப் பாராட்டிப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சுவர்த்தாள் செய்ய வேண்டும் என்று உத்தரவு. எழுத்து என் பொறுப்பு.

சிமெண்டுப் பைக் காகிதம். விளக்குக் கரியில் பிசின் கலந்த மை. தலைப்பு பூசணிக்காய்ப் பருமன். பெயர்கள் ஐந்தைந்தாக இரண்டு பத்தி. அப்பாவை மட்டும் அடியில், நடுவில், தனியாக வைத்தேன். மகள் செய்த சலுகை! அப்படியும் தாள் மொட்டையாகத் தெரிந்ததால், சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை கட்டினேன். அடடா, என்ன எடுப்பு!

அவர்களை ஏற்றிய லாரி போன மறுநாள், பள்ளிச் சுவரில் ஒட்டிய தாளைப் பெண்கள் வந்து பார்த்தார்கள். கடைசியில், புருஷன் ராமசாமியை அனுப்பிவிட்டு நின்ற மாரியம்மா அக்காதான் வாயைத் திறந்தாள்.

“அடியே நீலாவதி, நல்ல சேதின்னா மஞ்ச தடவுவாங்க. கறுப்புக் கரை சாவுக் கடுதாசிக்குல்லடி! பதினோரு பேருக்கும் இப்பவே எழுதிட்டியா?”

“அழகுக்குப் போட்டேன்க்கா.”

“உன் அழகுல தீய வைக்க!”

கிழிக்க முடியாது, ஜப்பான் அதிகாரி சிவப்பு முத்திரை குத்தியிருந்தான். அம்மா மஞ்சள் அரைத்து நான்கு மூலையிலும் தடவினாள். கரி அதைக் குடித்துவிட்டது.

அதன் பிறகு கரை உள்ளே நகரத் தொடங்கியது.

“ஈரத்துக்கு மை ஊறுது பிள்ளை, வேற ஒண்டுமில்லை” என்றார் எங்கள் யாழ்ப்பாணத்துச் சிவானந்தன் வாத்தியார். மழையே இல்லாத மாதத்திலும் ஊறியது. தினமும் விரலால் அளந்தேன். அடியில் இடம் விடாமல் அப்பாவைக் கரையோடு ஒட்டி வைத்தவள் நான்தானே! முதலில் அவரைத்தான் தொடும்.

கறுப்பு ‘ச’வின் அடியைத் தொட்ட அன்று, பால்வெட்டுக் கத்தியால் அப்பாவின் பெயரை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டேன். ஓட்டையை எல்லாரும் பார்த்தார்கள்.

சண்டை முடிந்து அப்பா வந்தார், எலும்பும் தாடியுமாக. அவர் மட்டும்.

அன்று மாலையே மாரியம்மா அக்கா வந்தாள். திட்டவில்லை.

“எம் புருசன் பேரையும் வெட்டிக் குடுடி.”

பள்ளிக்குப் போனோம். தாள் முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்தும் தெரியவில்லை.

“எதுன்னு பாத்து வெட்டுறது, அக்கா?”

“எழுதுனவளுக்குத் தெரியாதா?”

தெரியும். இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி. சாண் வைத்து அளந்து வெட்டினேன். வெறும் கறுப்புத் துண்டு. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போனாள்.

திரும்பினால், வாசலில் ஒன்பது பெண்கள். நான் பெயர்களை எழுதியிருந்த அதே வரிசையில் நின்றார்கள். இதில் மட்டும் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

யாரிடமும் பெயர் கேட்காமல் வெட்டிக்கொண்டே இருந்தேன்.