குழிக்குள் எத்தனை பேர்

நெல்டா அப்பாவின் கணுக்காலைப் பிடித்து மறுபடியும் கட்டிலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து கண் திறக்காதவர், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்காதவர், கட்டில் கம்பிக்கு மேலே ஒரு காலைப் போட்டுவிட்டிருந்தார். வெறும் எலும்பும் தோலுமான கால். ஆனாலும் அவளால் அதை அடக்க முடியவில்லை.

ஃப்ரிட்ஜின் மேல், புயல் எச்சரிக்கை வந்தால் தானாகவே கத்தும் வானிலை ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேரு?" என்றார் அப்பா ரேஃபர்ட். கண் மூடியே இருந்தது. "எல்லாரும் வந்தாச்சா?"

"படுங்கப்பா. இது நமக்கில்ல, மேக்க உள்ள மாவட்டத்துக்கு."

தம்பி கர்டிஸ் ஓடிவந்து ரேடியோவின் பொத்தானை அமுக்கினான். அலறல் நின்று குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத, மூச்சு வாங்காத குரல். பக்கத்து மாவட்டத்தில் பலத்த இடிமழை, கோழிமுட்டை அளவு ஆலங்கட்டி என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து அதையே மறுபடி சொன்னது. அப்பாவின் கால் மெல்லத் தளர்ந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பெவர்லி மருந்துப் பையை மூடினாள்.

"காதுதான் கடைசியா போகும் நெல்டா. காலையிலருந்து இது மூணாவது தடவை. அந்தப் பொட்டி கத்துனா எந்திரிக்கப் பாக்குறாரு. அவர நிம்மதியா போக விடுங்க. அதை அணைச்சிடுங்க."

"இன்னிக்கா?" என்றான் கர்டிஸ். ஜன்னலைக் காட்டினான்.

வெளியே வானம் ஊறுகாய் ஜாடித் தண்ணீர் மாதிரி பச்சையாகக் கலங்கியிருந்தது. ஏப்ரல் மாதத்துக்கு இவ்வளவு புழுக்கம் ஆகாது. தெற்கிலிருந்து சூடான காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களை மத்தியானமே விட்டுவிட்டார்கள்.

"முடிவு உங்க வீட்டு முடிவு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, நான் மழைக்கு முன்னாடி வீடு போய்ச் சேரணும்" என்றாள் பெவர்லி. வாசலில் நின்று நெல்டாவின் தோளைத் தொட்டாள். "ஒண்ணு சொல்றேன். அவரப் புயல்குழிக்குத் தூக்கி இறக்காதீங்க. உடம்பு தாங்காது. இன்னிக்கு ராத்திரியத் தாண்ட மாட்டாரு. கூட இருங்க, கையப் புடிச்சுக்கங்க. அது போதும்."

பெவர்லியின் கார் செம்மண் சாலையில் திரும்பி மறைந்தது. அலபாமாவின் அந்தப் பைன் காட்டுப் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஊரின் அபாயச் சங்கு அங்கே எட்டாது. அந்த ரேடியோதான் எல்லாம்.

ரேஃபர்ட் அதில் தன் மாவட்டத்தோடு மேற்கே உள்ள நாலு மாவட்டங்களின் எச்சரிக்கை எண்களையும் போட்டு வைத்திருந்தார். கெட்டது எல்லாம் மேற்கிலிருந்துதான் வரும் என்பார். அதனால் யாருக்கோ வரும் மழைக்கெல்லாம் இந்த வீட்டில் அலறும். அலறினால் எல்லோரும் குழிக்குப் போக வேண்டும். கொல்லையில் அவரே வெட்டி, கான்கிரீட் கல் அடுக்கி, மேலே இரும்புக் கதவு போட்ட புயல்குழி. வாசலில் மழையில் நனைந்தபடி நின்று ஒவ்வொரு தலையாக எண்ணுவார். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக அவர் இறங்கி, தன் கையால் கதவைச் சாத்துவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சுழல்காற்று வந்ததில்லை. சிலந்தியும் ஈரமும்தான் மிச்சம்.

நெல்டாவின் கல்யாணத்தன்றும் அது அலறியது. கேக்கைக் குழிக்குள் வைத்துத்தான் வெட்டினார்கள். மாப்பிள்ளையின் மாமா மேலே மழையில் நின்றுகொண்டு, "இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்தா உயிரோட புதைச்சிடுவாங்க போல" என்றார். அந்தக் கல்யாணம் நாலு வருஷம்கூட நிற்கவில்லை. நெல்டா அப்பாவிடமே திரும்பி வந்துவிட்டாள்.

கர்டிஸின் மனைவி ரோண்டாதான் வழி சொன்னாள். "அதைக் குளியலறைக்குக் கொண்டு போயிடலாம். கதவச் சாத்திட்டு ஒருத்தர் பக்கத்துல உக்காந்துக்கலாம். மாமாவுக்குக் கேக்காது."

லாரியில் இழுத்து வந்து நிறுத்திய தகர ட்ரெய்லர் வீடு நீளமாக, ரயில் பெட்டி போல இருந்தது. முன்னறையில் அப்பா; மறுகோடியில் குளியலறை. ரேடியோவைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார்கள். ரோண்டா நாலு வயது மகள் டெஸ்ஸியை மடியில் வைத்துக்கொண்டு கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்தாள்.

"கக்கூஸ்ல உக்காந்து வானிலை கேக்குற ஒரே பொம்பள நான்தான்" என்று அவள் சொன்னது கதவு சாத்துவதற்குள் கேட்டது. கர்டிஸ் சிரித்தான். நெல்டாவும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் அடங்கிக் கிடந்தார். மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. நெல்டா அவர் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். தச்சு வேலை செய்த கை. கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கிக் கறுத்துப்போனது அப்படியே இருந்தது. அவள் விரலை அவர் லேசாக அழுத்தினார். அழுத்தினாரா, இல்லை அவளுக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை.

இவ்வளவு அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த அலறல் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அது இல்லாமல் உட்கார்ந்திருப்பது இருட்டில் படி இறங்குவது போல இருந்தது. சமையல்மேடையில் சர்ச் பெண்கள் கொண்டுவந்த கோழிக்கறியும் சோள ரொட்டியும் மூடியபடி இருந்தன. காற்று திடீரென்று நின்றது. பைன் மரங்கள் அசையவில்லை. ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"கர்டிஸ்" என்றாள்.

"பாத்தேன்" என்றான் அவன்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ரோண்டா ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் ரேடியோவுமாக ஓடிவந்தாள். துண்டு அவள் காலில் சிக்கி இழுபட்டது. "நம்ம மாவட்டம்! சுழல் தரையத் தொட்டுடுச்சாம்!"

அலறல் முன்னறையை நிரப்பியது. விளக்கு ஒருமுறை மங்கி அணைந்தது. ஃப்ரிட்ஜ் ஓசை நின்றது. பேட்டரியில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. பாதையில் இருப்பவர்கள் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னது. ஹார்மன் மில். சிடார் சந்திப்பு. டாக்கெட் ஓடைப் பாலம். பாலம் என்றால் அடுத்தது இந்தப் பள்ளம்தான். அதற்குப் பெயர் கிடையாது, ரேடியோ சொல்லாது.

ரேஃபர்டின் கால் மறுபடி கம்பியைத் தேடியது. "குழிக்கு" என்றார். "போங்க. குழிக்கு."

"விரிப்போட தூக்கிடலாம்" என்றான் கர்டிஸ். "நீ தலப்பக்கம் புடி."

இருவரும் விரிப்பின் நுனிகளைச் சுருட்டித் தூக்கினார்கள். ஒரு சாண்கூட எழும்பவில்லை. அப்பாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நெல்டா கையை விட்டாள். மனிதர் போடும் சத்தமாக இல்லை அது.

"வேணாம். வேணாம் கர்டிஸ். படியில இறக்குறதுக்குள்ள போயிடுவாரு."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நீங்க போங்க."

"உன்ன விட்டுட்டா? இந்த வீடு தகர டப்பா, அக்கா! ஒரு ஊது ஊதுனா..."

"எனக்குத் தெரியும் இது டப்பான்னு. நான்தான இதுல இருக்கேன்." கூரையில் முதல் ஆலங்கட்டி விழுந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாமல். அவள் கத்த வேண்டியிருந்தது. "புள்ளையத் தூக்கிட்டு ஓடு! ரேடியோவையும் எடுத்துக்க. எப்ப வெளிய வரலாம்னு தெரிய வேணாமா?"

கர்டிஸ் அப்பாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். டெஸ்ஸி ரோண்டாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவன் சட்டென்று குனிந்து அப்பாவின் நெற்றியில் உதட்டை வைத்தான். பிறகு சோபா மெத்தையை எடுத்துக் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மனைவியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். கொல்லையில் இரும்புக் கதவு விழுந்த சத்தம் ஆலங்கட்டிச் சத்தத்துக்கு நடுவே கேட்டது.

நெல்டா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை பேரு?" என்றார்.

"எல்லாரும் போயாச்சுப்பா."

"கர்டிஸ்?"

"உள்ள இருக்கான்."

"ரோண்டா. சின்னது."

"எல்லாரும் உள்ள."

"நெல்டா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவர் தலை தலையணையில் இப்படியும் அப்படியும் உருண்டது. காலை இழுத்தார். விலாவெலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய மூச்சு வாங்கியது. "நெல்டா எங்க? ஒண்ணு குறையுது. நெல்டாவக் காணோம்." எழுந்திருக்கப் பார்த்தார். தன் விரல்களைப் பிடித்திருந்த கையைக் கெட்டியாக இறுக்கி அதன்மேல் எழும்பப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவளைத் தேடினார்.

தூரத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. பாரம் ஏற்றிய சரக்கு ரயில் காட்டுக்குள்ளே வருவது போல. அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது.

"நெல்டா!" என்று அவர் கத்த முயன்றார். குரல் வரவில்லை. வாய் மட்டும் அகலத் திறந்தது. கன்னத்தில் ஈரம் இருந்தது.

நெல்டா தன் விரல்களை அவர் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரல் வர மறுத்தது. அதையும் எடுத்தாள். அவர் கையை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். இரண்டு அடி பின்னால் போனாள். ரோண்டா பேசுவது போலக் குரலை உயர்த்திக்கொண்டு சொன்னாள்:

"நெல்டா இங்க உள்ள இருக்கா மாமா! இப்பதான் எறங்குனா! எல்லாரும் இருக்கோம்!"

அவர் தலை நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாத்து" என்றார். "கதவச் சாத்து."

எப்போதும் உள்ளே இறங்கி அவர்தான் சாத்துவார். நெல்டா சுற்றிலும் பார்த்தாள். அடுப்பிடம் ஓடி, அதன் கீழே ரொட்டி சுடும் அறையின் கனமான இரும்புக் கதவைத் திறந்து, பலம் கொண்ட மட்டும் அறைந்து மூடினாள். ஒருமுறை போதவில்லையோ என்று இன்னொருமுறை அறைந்தாள்.

பிறகு தரையில் தவழ்ந்து கட்டிலருகே வந்தாள். வீடு கீழே தாங்கியிருந்த கட்டைகளிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தது. காது அடைத்தது. சமையலறை ஜன்னல் உள்பக்கமாகச் சிதறியது, சோள ரொட்டியின்மேல் கண்ணாடி. அவள் கட்டிலின் இரும்புக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அலற வேண்டும் போல் இருந்தது. அலறினால் அவருக்குக் கேட்கும். நைட்டியின் கழுத்தைப் பல்லுக்கிடையே திணித்துக் கடித்தாள். தலைக்கு மேலே, ஒரு முழத் தூரத்தில், அவர் கை கட்டில் விளிம்பில் சரிந்து தொங்கியது. விரல்கள் அவள் முகத்துக்கு நேரே இருந்தன. ஏதோ ஒன்றைத் தேடுவது போல ஒருமுறை விரிந்து மூடின. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தொட்டால் தெரிந்துவிடும். தொடவில்லை.

ரயில் கடந்து போயிற்று.

மழை மட்டும் சாதாரண மழையாகப் பெய்தது. கூரை எங்கோ ஒழுகும் சத்தம் கேட்டது. அவள் அவருடைய மூச்சுக்காகக் காது கொடுத்தாள். அவளுடையது மட்டும்தான் இருந்தது.

கர்டிஸ் உள்ளே வந்தபோது அவள் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது. முன்வாசல் தகரத்தைக் காணவில்லை என்றான். தெற்குச் சரிவில் ஒரு மரம் நிற்கவில்லை, அரை மைலில் தப்பித்தோம் என்றான். பேசிக்கொண்டே வந்தவன் கட்டிலைப் பார்த்து நின்றான்.

"எப்போ?"

"தெரியல."

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் குழிக்குள்ள இருந்தேன்" என்றான். "நல்லவேளை நீயாவது கையப் புடிச்சுக்கிட்டு இருந்த."

நெல்டா தரைவிரிப்பில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "டெஸ்ஸி செருப்பில்லாம வரப்போறா" என்றாள்.

சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. கர்டிஸ் நடந்தே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று உறுமத் தொடங்கியது. பிறகு இரண்டு. பிறகு நாலைந்து. நெல்டா அப்பாவின் முகத்தைத் துடைத்து, கோடுபோட்ட நல்ல சட்டையை ரோண்டாவின் உதவியோடு போட்டுவிட்டாள். மெஷின் சத்தம் வளைவுக்கு வளைவு கிட்டே வந்தது. பைன் பிசின் வாசனை உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கடைசி மரம் வாசலுக்கு நேரே விழுந்திருந்தது. அதையும் அறுத்து உருட்டிவிட்டு மெஷின்களை அணைத்தார்கள். அக்கம்பக்கத்து ஆண்கள், மரத்தூள் அப்பிய கைகளோடு, தொப்பியைக் கழற்றி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து சவ வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது. இன்னும் இருட்டவில்லை.

வண்டியில் வந்த இருவரும் பக்குவமான ஆட்கள். பேசாமல் வேலை செய்தார்கள். ஆனால் ட்ரெய்லர் வாசல் குறுகல். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பும்போது ரேஃபர்டின் கை போர்வைக்குள்ளிருந்து நழுவி வெளியே தொங்கியது.

"அம்மா, அந்தக் கைய மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?" என்றார் முன்னால் இருந்தவர். "கதவு நிலையில இடிச்சிடும். எங்க ரெண்டு பேருக்கும் கை காலியில்ல."

நெல்டா அசையாமல் நின்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு அவள் அந்தக் கையை எடுத்தாள். படியில் அவர்களோடு பக்கவாட்டாக இறங்கினாள். முற்றத்தில் ஆலங்கட்டிகள் இன்னும் கரையாமல் மரத்தூளோடு கலந்து கிடந்தன, காலடியில் நொறுங்கின. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளியபோது அவளும் முழங்கை வரை உள்ளே நீண்டாள்.

"போதும்மா, விட்டுடுங்க" என்றார் அந்த ஆள், கதவின்மேல் கையை வைத்தபடி.