பார்ப்பவர் ஒருவர்

நான்கு நாளுக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டுக்கொடுத்தது கொழுந்தன்தான். தங்கமான பையன். ஆனால் திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் படிக்காமல் 'ஆமாம்' என்பதை அமுக்குகிற ஜாதி. ஒரு மணி நேரம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கிவிட்டு, "இனிமே பறக்கும் பாருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான். பறந்தது அவளுடைய நிம்மதிதான். அன்றிலிருந்து இன்டர்நெட் நத்தையாகிவிட்டது.

அவளுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு ஆடியோவில் மூன்று இன்னும் இறங்கவே இல்லை. "இன்னைக்கு நாலு மணிக்குள்ள எல்லாம் வரலேன்னா உங்க பேரை எடுத்துடுவேன், நான் என்ன பண்றது சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் போன ஏழு மாதமாக அவளைத் தூக்கி நிறுத்தியிருப்பது அந்த வேலை ஒன்றுதான். அதுவும் போனால் படுத்தே கிடப்பாள், அது அவளுக்கே தெரியும்.

இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாளாக அந்த அறையில் யாரோ இருப்பதுபோல் இருந்தது. டைப் அடிக்கும்போது பிடரியில் ஏதோ ஊரும். திரும்பினால் சுவரும் அலமாரியும்தான். சீ, பைத்தியமா உனக்கு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மதியம் ஒரு மணிக்கு நெட்காரர் வந்தார். வயரை மாற்றிப் பார்த்தார், பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், தன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தார். அதில் சும்மா பிய்த்துக்கொண்டு ஓடியது.

"லைன் மேல தப்பில்ல மேடம். உங்க கம்ப்யூட்டர்லதான் என்னமோ இருக்கு" என்று மவுஸைப் பிடித்தவர், கொஞ்ச நேரத்தில் புருவத்தைச் சுருக்கினார். "உள்ள வர்றதுக்கு வழி இல்லாம வெளிய என்னமோ போய்க்கிட்டே இருக்கே. நாலு நாளா நிக்கவே இல்ல. 'வீடு'ன்னு ஒரு புரோகிராம். நீங்க போட்டதா?"

அவர் அதைத் திறந்ததும் திரையில் அதே அறை வந்தது. அவளுடைய முதுகு, நெட்காரரின் வழுக்கை, பக்கத்தில் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலி. அலமாரி மேலிருந்த சின்னக் கேமராவில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே, பார்ப்பவர்: 1. பெயர்: கட்டெறும்பு.

அவள் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் படித்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்த சத்தம் கேட்டாலே வந்து நிற்கிற மனுஷனுக்கு அவள் வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டைப் பார்க்காமல் பைத்தியம் பிடிக்கிறது என்று அவர்தான் தம்பியை விட்டு அந்தக் கேமராவை வைக்கச் சொன்னார். டேப்லெட்டில் அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

"யாரு மேடம் அது?"

"என் வீட்டுக்காரர்."

"அப்ப அவரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

"அவர் போய் ஏழு மாசம் ஆச்சுண்ணா."

நெட்காரர் மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார். "நிறுத்துன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்கினா நெட் சரியாயிடும். நீங்களே அமுக்கிடுங்க மேடம்" என்று பையை அள்ளிக்கொண்டு போனவர், செருப்பை வாசலுக்கு வெளியே போய்த்தான் சரியாக மாட்டினார்.

அவளால் அமுக்க முடியவில்லை. திரும்பிக் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க," என்றாள். "நீங்களா?" சொன்ன பிறகுதான் பயந்துபோனாள். கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டாள். திரை இருண்டது. பார்ப்பவர் மட்டும் போகவில்லை. ஒன்று, ஒன்றாகவே நின்றது.

போன் அடித்தது.

"துணியை எடு."

எப்படி இருக்கிறாய் இல்லை, சாப்பிட்டாயா இல்லை. மாமியாரின் குரல். ஏழு மாதத்துக்குப் பிறகு.

"அத்தை?"

"அவன் நாற்காலி தெரியல. எடும்மா."

ஆஸ்பத்திரிப் பையோடு டேப்லெட்டும் அத்தை வீட்டுக்குப் போனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொழுந்தன் அமுக்கிய ஆமாம்களில் ஒன்று கேமராவைத் திரும்ப ஓடவிட்டிருக்கிறது. பயம் போய்க் கோபம் வந்தது. "நாலு நாளா என்னை வேவு பார்த்துக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன்னை யாரு பார்த்தா? படம் தானா வந்துச்சு. நீ ஒரு ஓரத்துல இருந்தே, அவ்வளவுதான்."

"இது ஓடுறதாலதான் அத்தை நெட் வரல. நாலு மணிக்குள்ள அனுப்பலேன்னா வேலை போயிடும்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

ஆமாம், சொன்னாள். அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து இதே மேஜையில் உட்கார்ந்தாள். அவள் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் கண்ணை மூடினார். பக்கத்தில் இருந்தது அத்தை மட்டும்தான். அதற்குப் பிறகு அத்தை அவளோடு பேசவே இல்லை. அதில் என்ன தப்பு என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"ரெண்டே மணி நேரம் அத்தை. முடிச்சதும் நானே போட்டுடறேன். சத்தியமா."

அத்தை போனை வைத்துவிட்டார். துண்டை எடுத்தாள், நாற்காலி ஒரு கணம் தெரியட்டும் என்று. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'நிறுத்து' என்பதை அமுக்கினாள்.

மூன்று ஆடியோவும் மளமளவென்று இறங்கின. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடித்தாள். மூன்று ஐம்பதுக்குக் கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது. 'வந்துடுச்சு, தப்பிச்சீங்க' என்று சூப்பர்வைசர் எழுதினாள். அப்பாடா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சொன்ன சொல்லுக்காகக் கேமராவைத் திரும்பப் போட்டாள். பார்ப்பவர்: 0. சேலையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அத்தை வராமல் இருந்துவிடுவாரோ என்று அந்தப் பூஜ்யத்தையே பார்த்தாள். ஒன்று வந்தது. உடனே போனும் வந்தது.

"தெரியுதா அத்தை?"

"தெரியுது. காலியாத்தான் இருக்கு." அத்தையின் குரலில் மதியம் இருந்த கூர்மை இல்லை. "நீ நிறுத்தினப்ப வயிறெல்லாம் எரிஞ்சுது. உன்னை என்னென்னமோ திட்டினேன். அப்புறம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டே இருந்தேனா... நாம பார்க்காத நேரத்துல அவன் வந்து உட்கார்ந்திருந்தா? அப்படியே நெனச்சுக்கிட்டுப் படுத்தேன். தூங்கியே போயிட்டேன்மா. எத்தனை நாளாச்சு தூங்கி!"

அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அணைச்சுடு. இனிமே போடாத. மூடியே இருக்கட்டும்."

அணைத்தாள். நீல விளக்கு போயிற்று. அத்தைக்கு இருட்டுத் திரை கிடைத்துவிட்டது, அதில் அவர் மகன் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இவளுக்கோ கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நாற்காலி. அதை அணைக்க எந்தப் புரோகிராமிலும் வழி இல்லை. அவள் வாய் விட்டு அழுதாள். நாளைக்கான ஆடியோக்கள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து இறங்கின.