மூன்று நாய்கள், ஒரே தோள்

தடைக் கம்பு தடாலென்று விழுந்த சத்தம் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. கூடவே நாய் பொத்தானின் அலறல். யாரோ வாயைப் பொத்தியதுபோல அது பாதியில் நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் ஓடினான். ஓடினான் என்பது அவன் நினைப்பு. பார்ப்பவர்களுக்கு அது வலது காலை மடக்காமல் இடுப்பை வீசிப் போடும் அவசர நடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் குழியில் விழுந்ததில் போன முழங்கால் அது. சொன்னால் வேலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மூச்சு விடாமல் இருந்தான். அப்புறம் மறைப்பதே பழகிவிட்டது. யாராவது கேட்டால், "குளிர்ல கொஞ்சம் பிடிச்சுக்கும்" என்பான்.

பொத்தான் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வால் மட்டும் ஆடியது. அடுத்த தடை எது என்று கேட்பதுபோல அவன் கையையே பார்த்தது. நாய்கள் தடை தாண்டும் அந்தப் பந்தயத்தில், கூடவே ஓடிக் கையால் வழி காட்டுவதுதான் அவன் பங்கு.

"என்ன லிஃப்ட்டு, நாளன்னிக்கு இறுதிச் சுற்று, இன்னிக்குப் போயி இப்படியா?" என்றான் பக்கத்துத் தடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த பேக்கரிக்காரன். "பொறாமைப்பட்டு நான்தான் கண்ணு வெச்சுட்டேனோ என்னவோ."

மெக்கானிக் குனிந்தான். நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கால்நடை மருத்துவர் தோள்பட்டையை அழுத்தியதும் பொத்தான் மேஜையை நக்கியது. வலித்தால் அது அப்படித்தான் செய்யும்.

"அதே இடது தோள்," என்றார் டாக்டரம்மா. "இது என்ன உங்க வீட்டு நாய்ங்களுக்குப் பரம்பரைச் சொத்தா? மூணும் ஒரு தாய் வயித்துல பொறந்ததுகூட இல்லையே."

"சனிக்கிழமை மட்டும் ஓடிட்டா..."

"மூணு மாசம் ஓடவே கூடாது. மீறினா கிழிஞ்சிடும். பீரங்கியை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பீரங்கி அவனுடைய முதல் நாய். தடம் அதிர ஓடும். நாலாவது வருஷம் தோள் போனது. உடம்பு கனம்தான் காரணம் என்று முடிவு கட்டினான். வலி எந்த மருந்துக்கும் அடங்காமல் போய், இதே மேஜையில்தான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஊசிக்குச் சம்மதித்தான். அடுத்தது கனமே இருக்கக் கூடாது என்று மெலிந்த குட்டியாகத் தேடி எடுத்தான். தையல்காரியான அவன் மனைவி அதற்கு ஊசி என்று பேர் வைத்தாள். மூன்றே வருஷத்தில் அதற்கும் தோள் போனது. எலும்பு மெல்லிசு, அதனால்தான் என்றான். ஊசி இப்போது அவன் அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூன்று காலில் நொண்டிக்கொண்டிருக்கிறது. அவன் போனால் எழுந்து நிற்க முயலும் என்பதாலேயே அக்கா வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டான்.

பொத்தான் தெரு நாய்க் கலப்பு. கனமும் இல்லை, மெல்லிசும் இல்லை. பதினோரு வருஷத்தில் அவனை இறுதிச் சுற்றுவரை கொண்டுவந்த ஒரே நாய். இதை விட்டால் அவன் வயதுக்கும் காலுக்கும் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மருந்து டப்பாவைக் கவிழ்த்தான். ஊசிக்கு வாங்கியதில் மிஞ்சிய வலி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. தேதி தாண்டவில்லை. சனிக்கிழமை காலையில் ஒன்று கொடுத்தால் போதும், நாய்க்கு வலியே தெரியாது. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியின் தையல் அறைக்குப் போனான்.

"உன் போனைக் கொடு. நீ எடுத்த வீடியோ எல்லாம் இருக்கில்ல? இது எங்க தப்பு பண்ணுதுன்னு பாத்து, நாளைக்குள்ள சரி பண்ணணும்."

அவள் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கு. பாருங்க," என்றாள்.

வெட்டுத் துணிகளை ஒதுக்கி உட்கார்ந்தான். பொத்தான் வந்து அவன் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது.

இன்று காலையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவள் எடுத்ததை ஓட்டினான். இடது திருப்பம். வலது காலை ஊன்றித்தான் இடதுபக்கம் திரும்ப வேண்டும். படத்தில் இருந்தவன் ஊன்றப் பயந்து ஒரு எட்டு தாமதித்தான். கை காட்டுவதற்குள் பொத்தான் தாவியாகிவிட்டது. காற்றில் இருக்கும்போதே தலையைத் திருப்பி அவனைத் தேடியது. கண்டுபிடித்ததும் உடம்பை முறுக்கியது. மொத்த பாரத்தையும் இடது தோளில் வாங்கிக்கொண்டு விழுந்தது.

படத்தை நிறுத்தினான். ஊசியைத் தேடி எடுத்தான். அதே இடது திருப்பம், அதே ஒரு எட்டு. காற்றில் திரும்பிய மெலிந்த தலை. பீரங்கியின் படம் மங்கலாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெரிய தலை அவனைத் தேடித் திரும்புவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு பந்தயத்திலும், ஒவ்வொரு இடது திருப்பத்திலும்.

போனை மடியில் வைத்தான். பையிலிருந்த அட்டையை எடுத்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் குப்பைக் கூடையில், நூல் துணுக்குகளின் மேல் போட்டான். ஒன்று தவறித் தரையில் விழுந்தது. பொத்தான் முகர்வதற்குள் காலால் தள்ளினான்.

"இத்தனை வருஷமா நீதானே எடுத்தே," என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தையல் மிஷின் நின்றது.

"சொன்னேங்க. ஊசி விழுந்த அன்னிக்கே, உங்க கால்தான் காரணம்னு சொன்னேன். அப்ப 'என் காலுக்கு ஏத்த நாயாப் பாக்கறேன்'னு நீங்க கிளம்பிப் போயித்தான், இந்தப் பொத்தானைத் தூக்கிட்டு வந்தீங்க."